உருண்டை எது, கட்டை எது?

ஓடும் பேருந்தில் நின்றபடியே கைப்பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே வீட்டுச் சாவியை எடுத்துவிட முடிகிறது. சீப்பு, மாத்திரை அட்டை, சில்லறை, பேனா எல்லாம் விரலில் பட்டு விலக, சாவி தட்டுப்பட்டதும் கை நின்றுவிடும். இதில் வியக்க என்ன இருக்கிறது? ஒரே சாவிதானே, கண்ணால் பார்த்தால் என்ன, கையால் தொட்டால் என்ன?

ஆனால் கண்ணுக்குள் போவது ஒளி. விரலுக்குக் கிடைப்பது அழுத்தமும் குளிர்ச்சியும். ஒன்று விழித்திரையில் விழுந்து மூளையின் பின்பக்கம் போகிறது. மற்றது தோலில் தொடங்கி, தண்டுவடம் வழியாக ஏறி, மூளையின் உச்சிப் பகுதியில் போய்ச் சேர்கிறது. புறப்படும் இடமும் வேறு, வழியும் வேறு, சேரும் இடமும் வேறு. இரண்டும் ஒரே சாவியைப் பற்றித்தான் சொல்கின்றன என்று மூளைக்கு எப்படித் தெரிந்தது? பிறக்கும்போதே கொண்டுவந்ததா, பிறந்தபின் சேர்த்துக்கொண்டதா?

1688 ஜூலையில் டப்ளினிலிருந்து போன ஒரு கடிதத்தில் இந்தக் கேள்வி இருந்தது. எழுதியவர் வில்லியம் மாலினியூ. டப்ளினில் அறிவியல் ஆர்வலர்களைக் கூட்டி ஒரு கழகம் தொடங்கியவர், பின்னாளில் லென்சுகளைப் பற்றி நூல் எழுதியவர். அவருடைய மனைவி லூசி திருமணமான கொஞ்ச காலத்திலேயே பார்வையை இழந்திருந்தார். அந்த வீட்டில் பார்வையைப் பற்றி யோசிக்காமல் இருந்திருக்க முடியாது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், அறிவு முழுவதும் அனுபவத்தால் வருவதே என்று வாதிட்டு எழுதிய நூலின் சுருக்கம் அப்போது ஒரு பிரெஞ்சு இதழில் வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் மாலினியூ எழுதினார். பதில் வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து இருவரும் நண்பர்களான பிறகு, 1693-இல் அதே கேள்வியைச் செப்பனிட்டு மறுபடியும் அனுப்பினார். லாக் தன் நூலின் 1694 பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டார்.

கேள்வி இதுதான். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் இருக்கிறார். ஒரே உலோகத்தில் ஏறக்குறைய ஒரே அளவில் செய்த ஓர் உருண்டையையும் ஒரு கனசதுரக் கட்டையையும் தடவிப் பார்த்து, இது உருண்டை, இது கட்டை என்று சொல்லப் பழகியிருக்கிறார். வளர்ந்தபின் ஒருநாள் அவருக்குப் பார்வை வருகிறது. இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டோம். தொடாமல், பார்த்த மாத்திரத்தில், உருண்டை எது, கட்டை எது என்று அவரால் சொல்ல முடியுமா?

முடியாது என்பது மாலினியூவின் விடை. லாக்கும் அப்படியே. கூர்முனை கையில் குத்தும் என்பது தெரியும். குத்தும் முனை கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது தெரியாதே. ஜெர்மானியரான லைப்னிட்ஸ் இதை ஏற்கவில்லை. மேசைமேல் இருப்பவை அந்த இரண்டும்தான் என்று சொல்லிவிட்டால் போதும், அவர் யோசித்தே கண்டுபிடித்துவிடுவார். உருண்டைக்கு எந்தப் பக்கமும் ஒரே மாதிரி, கட்டைக்கு எட்டு மூலை, வடிவியல் கண்ணுக்கும் கைக்கும் பொது என்றார். இன்னொரு தத்துவ அறிஞரான பெர்க்லி 1709-இல் லாக் பக்கம் நின்றார். அவர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடை சொன்னவர்கள். பார்வை பெற்ற ஒருவரைப் போய்க் கேட்டவர் யாரும் இல்லை.

கேட்க ஆள் கிடைத்தது 1728-இல். லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், மிகச் சிறு வயதிலேயே கண்புரையால் பார்வையற்றுப்போன பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை செய்தார். புரை படிந்த லென்சை ஊசியால் கீழே தள்ளிவிடும் முறை அது. சுசுருதர் காலத்திலேயே இங்கே எழுதிவைக்கப்பட்ட முறைதான். பார்வை வந்தபின் அந்தச் சிறுவன் சொன்னவற்றை செசல்டன் குறித்துவைத்தார். தோல்மேல் பொருள்கள் படுவதைப்போல, பார்க்கும் பொருளெல்லாம் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது. நாய் எது, பூனை எது என்பது மறந்து மறந்து போனது. திரும்பத் திரும்பக் கேட்க வெட்கப்பட்டு, ஒருநாள் பூனையைப் பிடித்துத் தடவி, அதை உற்றுப் பார்த்து, இனிமேல் உன்னைத் தெரிந்துகொள்வேன் என்று அதனிடமே சொல்லிவைத்தானாம். ஓவியங்கள் முதலில் வண்ணத் திட்டுகளாக மட்டுமே தெரிந்தன. இரண்டு மாதம் கழித்து அவற்றில் உருவங்கள் தெரிந்தபோது தொட்டுப் பார்த்தான், தட்டையாக இருந்தது. பொய் சொல்வது கண்ணா, கையா என்று கேட்டான்.

தத்துவக்காரர்களுக்கு இந்தச் சிறுவன் பெரிய விருந்து. ஆனாலும் எதிர்த்தரப்பு ஓயவில்லை. அறுவை முடிந்து கலங்கிக் கிடந்த கண்ணைக்கொண்டு என்ன முடிவு செய்ய முடியும் என்றார்கள். நியாயமான ஆட்சேபம்தான்.

பின்னாளில் விரிவாக ஆராயப்பட்டவர்களில் ஒருவர் இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர். ஆய்வுலகில் எஸ்.பி. என்ற எழுத்துகளால் அறியப்படுபவர். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது பார்வை போனது. 52 வயதில், 1958 டிசம்பரிலும் அடுத்த மாதமுமாக, கருவிழி மாற்று அறுவை நடந்தது. செய்தியறிந்த உளவியலாளர் ரிச்சர்ட் கிரிகரி, தன் சக ஆய்வாளர் ஜீன் வாலஸுடன் கருவிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தார்.

போன இடத்தில் முதல் அதிர்ச்சி. எஸ்.பி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். அவர் பல ஆண்டுகளாகக் கண்ணாடி இல்லாத ஒரு கைக்கடிகாரத்தின் முட்களைத் தடவி மணி பார்த்து வந்தவர். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் படித்தார். சிறிய எழுத்துகளைப் படிக்கத் தெரியவில்லை. பார்வையற்றோர் பள்ளியில் மரக்கட்டையில் செதுக்கிய பெரிய எழுத்துகளைத் தடவித்தான் பிள்ளைகள் கற்றார்கள்; சிறிய எழுத்துகளை அங்கே யாரும் கற்றுத் தரவில்லை. விரல் அறிந்தது கண்ணுக்கு வந்துவிட்டது, விரல் அறியாதது வரவில்லை. அவரைப் பேருந்து ஒன்றை வரையச் சொன்னார்கள். சக்கரமும் சன்னலும் வந்தன, வண்டியின் முன்பக்கம் மட்டும் வரவேயில்லை. ஏறி இறங்குகிறவர் கை அங்கே எப்போது பட்டிருக்கும்?

எனக்கு மறக்க முடியாதது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நடந்தது. எஸ்.பி. கருவிகள்மேல் தீராத ஆசை உள்ளவர். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய லேத் ஒன்று இருந்தது. இது என்ன என்று கேட்டார்கள்; கைப்பிடி மாதிரி ஏதோ இருக்கிறது என்பதைத் தவிர ஒன்றும் சொல்ல முடியாமல் தவித்தார். பெட்டியைத் திறந்து தொட அனுமதித்தார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆவலோடு லேத் முழுவதும் கையை ஓட்டினார். பிறகு சற்றுப் பின்னால் போய் நின்று கண்ணைத் திறந்து, தொட்டுவிட்டதால் இப்போது பார்க்க முடிகிறது என்றார்.

ஆக மாலினியூவுக்கு விடை ஆம் என்கிறதா இந்த மனிதரின் வாழ்க்கை? அவசரப்பட முடியாது. பத்து மாதம் வரை அவர் பார்த்திருக்கிறார். கிரிகரி வந்து சேர்வதற்குள் சில வாரங்கள் போய்விட்டன. அதற்குள் எதை எதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரோ. வேறொன்றும் உண்டு. பார்வையற்றவராகத் துணிச்சலுடன் சாலையைக் கடந்து வந்தவர், பார்வை வந்தபின் வண்டிகளைக் கண்டு நடுங்கினார். பெயின்ட் உரிந்த சுவரும் மனித முகங்களும் அவரை ஏமாற்றத்தில் ஆழ்த்தின. மாலையில் விளக்குப் போடாமலே உட்கார்ந்திருப்பார். 1960-இல் இறந்துபோனார். பார்வையைப் பரிசு என்று மட்டுமே எழுதும் கட்டுரைகள் எஸ்.பி.யை ஏன் விட்டுவிடுகின்றன என்று யோசித்ததுண்டு.

அடுத்த சில ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்களிலிருந்து வேறொரு செய்தி வந்தது. டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணின் இமையைப் பிறந்த சில நாளில் தைத்துவிட்டு, சில மாதம் கழித்துத் திறந்தார்கள். கண் நன்றாகவே இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதி அந்தக் கண்ணுக்குப் பதில் தருவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தது. மூளைக்குப் பார்க்கப் பழக ஒரு பருவம் உண்டு, அது தப்பினால் தப்பியதுதான் என்ற முடிவு மருத்துவ உலகில் ஆழமாக வேரூன்றியது. 1981-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். ஏழெட்டு வயது தாண்டிய குழந்தையைக் கொண்டுவந்தால், இனி அறுவை செய்தும் பெரிய பயனில்லை என்று பல மருத்துவர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

மேலை நாடுகளில் பிறவிக் கண்புரை பிறந்த சில வாரங்களிலேயே கண்டறியப்பட்டு நீக்கப்பட்டுவிடும். எனவே மாலினியூவின் சோதனைக்கு அங்கே ஆள் கிடைக்காது. எங்கே கிடைப்பார்கள்? மருத்துவமனை தொலைவில் இருந்து, கையில் காசில்லாமல், பையனுக்குப் பிறவியிலேயே இப்படி என்று விட்டுவிடும் வீடுகளில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா டெல்லிக்காரர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊருக்கு வந்திருந்தபோது, சாலையோரம் பிச்சை கேட்டு நின்ற ஒரு தாயையும் அவருடைய குழந்தைகளையும் பார்த்தார்; குழந்தைகளின் கண்மணி வெளுத்திருந்தது. குணப்படுத்தக்கூடிய புரை என்று அவருக்குத் தெரிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் பிரகாஷ் திட்டம். வட இந்தியக் கிராமங்களில் முகாம் போட்டு, பார்வையற்ற குழந்தைகளைத் தேடி, டெல்லி மருத்துவமனையில் இலவசமாக அறுவை செய்து, பெற்றோர் சம்மதித்தால் பார்வை எப்படி வளர்கிறது என்றும் ஆராய்வார்கள்.

முன்னூறு ஆண்டு பழைய தத்துவப் புதிருக்கு விடை கிடைத்ததில் ஏழ்மையின் பங்கு இவ்வளவு என்பது எனக்கு நெருடலாகத்தான் இருக்கிறது. கருவுற்ற தாய்க்கு ருபெல்லா வந்தால் குழந்தைக்குப் பிறவிக் கண்புரை வரலாம். ஒரு தடுப்பூசி அதைத் தடுக்கும். 2017-இல் தட்டம்மை-ருபெல்லா ஊசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகள் பலருக்கு நினைவிருக்கும்.

டெல்லியில் நடந்த சோதனைக்கு வருவோம். ஐந்து பேர், எட்டு வயது முதல் பதினேழு வயது வரை. நால்வருக்குப் பிறவிக் கண்புரை, ஒருவருக்குக் கருவிழியில் வெண்மை. இவர்கள் இருட்டில் வாழ்ந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். வெளிச்சம் தெரியும், கை அசைந்தால் நிழல் தெரியும், உருவம் தெரியாது. அறுவை முடிந்து 48 மணி நேரத்துக்குள் சோதனை. உருண்டையும் கட்டையும் மட்டும் வைத்தால் லைப்னிட்ஸ் சொன்ன மாதிரி மூலையை எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், குழந்தைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளைப் போன்ற இருபது இணை உருவங்களைச் செய்தார்கள். ஒன்றைக் காட்டிவிட்டு, இரண்டில் எது அது என்று கேட்பார்கள். அவ்வளவுதான்.

தொட்டதைத் தொட்டே கண்டுபிடிக்கச் சொன்னபோது 98 சதவீதம் சரி. பார்த்ததைப் பார்த்தே கண்டுபிடிக்கச் சொன்னபோது 92 சதவீதம். இந்த இரண்டாம் எண்தான் செசல்டன் காலத்து ஆட்சேபத்துக்குப் பதில்: கண் கலங்கியிருந்தது என்று இனிச் சொல்ல முடியாது, உருவ வேறுபாடு அவர்களுக்குத் தெரிகிறது. அடுத்து, துணிக்கடியில் தொட்ட உருவத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 58 சதவீதம். நாணயத்தைச் சுண்டிச் சொல்லியிருந்தாலே ஐம்பது வந்திருக்கும்.

மாலினியூவும் லாக்கும் சொன்னது சரி. 2011-இல் கட்டுரை வெளிவந்தபோது தலைப்புச் செய்தி ஆனது இதுதான். ஆனால் அதன் கடைசிப் பகுதியில் இருந்த தகவல்தான் என்னை உட்காரவைத்தது. அவர்களில் சிலரை ஒரு வாரத்துக்குள் மறுபடியும் சோதித்தார்கள். யாரும் பயிற்சி தரவில்லை. வீட்டில் சும்மா இருந்தார்கள், சாப்பிட்டார்கள், பொருள்களை எடுத்தார்கள் வைத்தார்கள். 58 சதவீதம் எண்பதைத் தாண்டியிருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒன்றையொன்று அறியாதிருந்த கண்ணும் கையும் ஒரே வாரத்தில் ஒத்துப்போய்விட்டன. பருவம் தப்பினால் தப்பியதுதான் என்று எழுதிவைத்த மூளைதான் இது. கூர்மையான பார்வை இந்தக் குழந்தைகளுக்கு முழுதாக வருவதில்லை, உண்மை. அந்தக் குறை நிலைக்கிறது. ஆனால் அந்த மங்கலான பார்வையைக்கொண்டு மூளை என்னென்ன செய்யக் கற்றுக்கொள்கிறது என்பது வேறு கணக்கு.

உலகத்தைப் பொருள் பொருளாகப் பிரிப்பதையே எடுத்துக்கொள்ளலாம். எஸ்.கே. என்று குறிக்கப்படும் ஒருவர் பிறவியிலேயே கண் லென்ஸ் இல்லாதவர். 29 வயதில் ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டியதும் பார்வை கிடைத்தது. ஒரு வட்டத்தின்மேல் ஒரு சதுரத்தைக் கொஞ்சம் ஏற்றி வரைந்து காட்டி எத்தனை உருவம் என்று கேட்டால், நாம் இரண்டு என்போம். அவர் மூன்று என்றார்; இரண்டும் மேற்படியும் துண்டும் அவருக்குத் தனி உருவம். மாட்டுப் படத்தில் ஒவ்வொரு திட்டும் தனிப்பொருள். பந்தின் நிழலும் ஒரு பொருள். ஆனால் அந்தச் சதுரத்தை லேசாக அசைத்ததும் சட்டென்று சரியாகச் சொல்லிவிட்டார். ஒன்றாக அசைவது ஒன்று. மூளை பிடித்துக்கொண்ட முதல் நூல் இதுதான் என்று சின்ஹா குழு கருதுகிறது. ஓர் ஆண்டுக்கு மேல் போனபின் அசையாத படங்களிலும் அவர் தேறியிருந்தார்.

இப்படிப் போனால் பார்வையில் எல்லாமே கற்றுக்கொள்வதுதான் என்று முடித்துவிடலாம். முடிக்கவிடாத ஒரு சோதனை 2015-இல் வந்தது. இரண்டு சம நீளக் கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலை உள்நோக்கி, மற்றதில் வெளிநோக்கி. ஒன்று நீளமாகத் தெரியும், பள்ளிப் பாடநூலிலேயே பார்த்திருப்போம். அறைகளின் மூலைகளையும் கட்டடங்களின் விளிம்புகளையும் பார்த்துப் பார்த்துப் பழகியதால் வரும் ஏமாற்றம் இது என்பது கிரிகரியின் புகழ்பெற்ற விளக்கம், எஸ்.பி. இத்தகைய படங்களில் அவ்வளவாக ஏமாறவில்லை என்பது அதற்குத் துணை. டெல்லியில் அறுவை முடிந்து கட்டுப் பிரித்த ஒன்பது குழந்தைகளிடம் அதே படத்தையும், தண்டவாளம் போலக் குவியும் கோடுகளுக்கிடையே இரண்டு குச்சிகளை வைக்கும் படத்தையும் காட்டினார்கள். இதற்குமுன் எந்த மூலையையும் எந்த விளிம்பையும் கண்டறியாத கண்கள். நம்மைப் போலவே ஏமாந்தன. கிரிகரி 2010-இல் காலமாகிவிட்டார்; இருந்திருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டார், மறுபடியும் கருவிகளைக் காரில் ஏற்றியிருப்பார்.

அதாவது ஏமாற்றம் பிறவியிலேயே வருகிறது. தொட்ட கட்டையைக் கண்ணால் அடையாளம் காண்பதற்கு வாரம் ஆகிறது. யாரும் இப்படி எதிர்பார்க்கவில்லை.

இதைவிட விந்தையாக எனக்குப் படுவது சின்ஹா குழுவின் அண்மை ஆய்வுகள். பச்சைக் குழந்தையின் பார்வை மிக மங்கல். தாயின் முகம்கூடக் கலங்கலாகத்தான் தெரியும், நிறங்களும் சரியாகப் பிடிபடாது. வளர வளர எல்லாம் தெளியும். இதை ஒரு குறை என்றே எண்ணி வந்தோம். பிரகாஷ் குழந்தைகள் வேறு வழியாக வந்தவர்கள். பத்து வயதில் கண் திறக்கும்போது விழித்திரை முதிர்ந்துவிட்டது, பச்சைக் குழந்தையைவிடத் தெளிவோடும் முழு நிறத்தோடும் தொடங்குகிறார்கள். நல்லதுதானே? வண்ணப் படங்களில் இருப்பவற்றை அவர்கள் நன்றாகவே அடையாளம் காண்கிறார்கள். அதே படங்களைக் கறுப்பு வெள்ளையில் காட்டினால் தடுமாறிப்போகிறார்கள். மற்றக் குழந்தைகளுக்கு நிறம் போனால் பெரிய வித்தியாசம் இல்லை. 2024-இல் வெளியான இந்த ஆய்வு சொல்லவருவது: முதல் மாதங்களில் நிறம் மங்கலாகத் தெரிவதால்தான் நாம் நிறத்தை நம்பாமல் உருவத்தை நம்பக் கற்றுக்கொள்கிறோம். கணினி மாதிரிகளுக்கும் முதலில் கறுப்பு வெள்ளை, பிறகு வண்ணம் என்று படங்களைக் காட்டிப் பழக்கினால் அவை உறுதியாக வேலை செய்கின்றன.

சரி, மனிதருக்கு ஒரு வாரம். மற்ற உயிர்களுக்கு? லண்டனில் 2020-இல் பருத்த உடல்கொண்ட ஒரு வகைத் தேனீக்களிடம் மாலினியூவின் கேள்வியை அப்படியே கேட்டார்கள். உண்மையாகவே உருண்டைகளும் கட்டைகளும்தான். இருட்டில் தொட்டுப் பழகவைத்தார்கள். ஒரு வடிவத்தில் சர்க்கரைக் கரைசல், மற்றதில் கசப்பு. பிறகு வெளிச்சத்தில், தொட முடியாமல் மூடிவைத்துக் காட்டினார்கள். சர்க்கரை இருந்த வடிவத்தின் பக்கமே தேனீக்கள் அதிகம் போயின. இவை முன்பே உலகைப் பார்த்தவை என்று ஒரு குறை சொல்லலாம். அதற்கும் பதில்போல 2024-இல் கோழிக்குஞ்சுகள் வந்தன. இருட்டிலேயே பொரித்து, இருட்டிலேயே வழவழப்பான பொருளோடோ புடைப்புகள் உள்ள பொருளோடோ ஒருநாள் விட்டு, பின் முதன்முதலாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டதைக் கண் அறிந்துகொண்டது என்பதற்கான அறிகுறிகள் அவற்றின் நடத்தையில் இருந்தன. குஞ்சுக்கு முடிகிறது, நமக்கு முடியவில்லை.

ஏன் என்பதற்கு ஒரு விளக்கம், 2011 கட்டுரையின் முதல் ஆசிரியரான ரிச்சர்ட் ஹெல்டின் பழைய வேலைகளில் கிடைக்கிறது. அந்தக் கட்டுரை வந்தபோது அவருக்கு வயது 88. 1963-இல் ஆலன் ஹைனுடன் சேர்ந்து அவர் ஒரு சிறு ராட்டினம் செய்தார். ஒரு பக்கம் ஒரு பூனைக்குட்டி தானே நடக்கும். மறுபக்கம் கூடையில் உட்கார்ந்த இன்னொரு குட்டியை அந்த நடை இழுத்துச் செல்லும். இரண்டும் பார்க்கும் காட்சி ஒன்றே. நடந்த குட்டிக்கு ஆழம் தெரிந்தது. பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது. கூடைக் குட்டிக்குத் தெரியவில்லை. அதை அவிழ்த்துவிட்டு ஓடியாட விட்டதும் இரண்டு நாளில் தேறிவிட்டது. பார்வையும் உடம்பும் ஒட்ட, உடம்பு தானே அசைய வேண்டியிருக்கிறது. மனிதக் குழந்தையின் கை வருடா வருடம் நீள்கிறது, தலை பெருக்கிறது, கண்களுக்கிடையே உள்ள தூரம் கூடுகிறது. பிறக்கும்போதே கண்ணையும் கையையும் இறுகக் கட்டி அனுப்பினால் அடுத்த ஆண்டே கணக்குத் தப்பிவிடும். முடிச்சைத் தளர்வாக விட்டு, அன்றாடம் சரிசெய்துகொள்வதே மேல்.

அந்தத் தளர்வு பெரியவர்களிடமும் போய்விடுவதில்லை. காட்சியை ஒரு பக்கமாக நகர்த்திக் காட்டும் பட்டகக் கண்ணாடியை மாட்டிவிட்டால் முதலில் கை குறி தவறும். தானே கையை அசைத்துப் பார்க்கவிட்டால் சில நிமிடங்களில் குறி சேர்ந்துவிடும் என்று ஹெல்டு காட்டினார். பவர் மாற்றிய புதுக் கண்ணாடியோடு கடையைவிட்டு இறங்கும்போது தரை சாய்ந்திருக்கும், படி ஒரு அங்குலம் தள்ளியிருக்கும், திரும்பிப் போய்ச் சண்டை போடலாமா என்றிருக்கும். கடைக்காரர் லென்சைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். "போட்டுக்கிட்டு நல்லா நடங்க சார், ரெண்டு நாள்ல பழகிடும்" என்பார்.